பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கிச் சீரமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உயர்ந்த பானட்டோடு எஸ்டேட் ரோட்டிலும் அரிசி ஆலை வாசலிலும் நிற்கும் பழைய ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். அது சிஜே3பி. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் அதை 1953இல் கொண்டுவந்தது. ஹரிகேன் என்று பெயரிட்ட எஞ்சின் முந்தையதைவிட உயரமாக இருந்ததால் பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968இல் அதன் உற்பத்தி முடிந்தது. இங்கே மஹிந்திரா அதே உருவத்தை அதற்குப் பிறகும் பல வருடங்கள் கட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் வால்பாறை, ஏற்காடு, கொடைக்கானல், போடி, கம்பம் என்று மலையடிவார ஊர்களில் இன்னும் இவை கிடைக்கின்றன.

பொழுதுபோக்காக ஒரு பழைய வண்டியை எடுத்துச் சீரமைக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் நம் ஊரில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். பாகம் தெரிந்த மெக்கானிக்குகளும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எந்த வேலையை முதலில் செய்கிறோம், எதைக் கடைசிக்கு வைக்கிறோம் என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கு நிற்கிறது. பெயின்டில் தொடங்கியவர்களின் வண்டிகள் பல, பாதி கழற்றிய நிலையில் ஷெட்டில் கிடக்கின்றன. இந்த வழிகாட்டி எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் காகிதம்

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். தகரம் போனால் தகரம் வாங்கலாம், எஞ்சின் போனால் எஞ்சின் வாங்கலாம். ஆர்.சி. இல்லாத ஜீப்பை ரோட்டில் ஓட்ட வழியே கிடையாது. "டூப்ளிகேட் எடுத்துக்கலாம் சார், ஒரு வாரத்துல வந்துரும்" என்று விற்பவர் சொன்னால், "நீங்களே எடுத்துக் கொடுங்கள், அப்புறம் பணம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணை வண்டியில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தகட்டில் உள்ள எண் மட்டும் போதாது. தகட்டை யாரும் கழற்றி மாட்டலாம். சேஸிஸ் இரும்பிலேயே குத்திய எண்தான் கணக்கு. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் கோடு தெரிந்தாலோ, அந்த இடம் மட்டும் கிரைண்டர் போட்டு வழவழப்பாக இருந்தாலோ, வேறொரு வண்டியின் துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். எஞ்சின் எண் பிளாக்கின் வலது முன் மூலையில், வாட்டர் பம்புக்குப் பின்னால் மேல்பக்கம் இருக்கும்.

இன்னொன்றும் முக்கியம். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஏராளமான ஜீப்புகளில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும் நாளில் சிக்கல் வரும்.

எம்.எஸ்.எக்ஸ்., டி.எம்.எக்ஸ். போன்ற மூன்றெழுத்து எண்கள் கொண்ட வண்டிகளின் பதிவு பல நேரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பரிவாஹன் தளத்தில் எண்ணைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்ல வேண்டும். முடிந்தவரை விற்பவர் பெயரில் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29ம் 30ம் தேவை. உரிமையாளர் இறந்துபோய் வாரிசுகள் விற்கிறார்கள் என்றால் படிவம் 31 போட்டு முதலில் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். என்றோ வாங்கிய கடனின் அடமானக் குறிப்பு ஆர்.சி.யில் அப்படியே நின்றால் படிவம் 35 போட்டு நீக்க வேண்டும். கடன் கொடுத்த நிதி நிறுவனமே மூடிப்போயிருந்தால் இதற்கு மாதக்கணக்கில் அலைய நேரும். பதிவின் ஆயுள் முடிந்திருந்தால் படிவம் 25 போட்டுப் புதுப்பிக்கலாம். அதற்கு வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எனவே அது பிரேக், லைட் வேலையெல்லாம் முடிந்த பிறகு.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. சொந்த உபயோகத்துக்கான வண்டியாக இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, அது 10 வருடம் செல்லும், புதுப்பிக்க ரூ. 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'விஏ' வரிசையில் எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தோடு ஊர் சுற்ற நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது மேல்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள், மழை நாளில் போகாதீர்கள். ஈரத்தில் பெயின்ட் எல்லாம் அழகாகத் தெரியும். கொண்டுபோக வேண்டியவை: டார்ச், சின்னக் காந்தம், சுத்தியல், படுத்துப் பார்க்க ஒரு சாக்கு.

முதலில் அடியில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். பின் குறுக்குச் சட்டம், முன் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்கள், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் போட்டிருக்கும் இடம் ஆகிய மூன்றிலும்தான் விரிசல் வரும். சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு மணிபோலக் கேட்கும், உள்ளே அரித்த இரும்பு செத்த சத்தம் தரும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கடலோரத்தில் வாழ்ந்த வண்டியென்றால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். உப்புக்காற்று சேஸிஸின் உள்பக்கத்தைத் தின்றுவிட்டு வெளியே நல்ல முகம் காட்டும். கோவை, திருப்பூர் போன்ற உள் மாவட்டங்களில் கூரைக்குக் கீழ் நின்ற வண்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் நட்டமில்லை.

பாடியில் முதலில் போவது தரைத்தகடு. தரைக்கு அடியில் வலுவுக்கு வைத்திருக்கும் வளைந்த பட்டைகளில் சேறும் நீரும் தேங்கி மேலும் கீழும் அரித்துவிடும். டூல் பாக்ஸ் அடிப்பகுதி, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகள், பெட்ரோல் டேங்க் உட்காரும் குழி ஆகியவற்றையும் பாருங்கள். காந்தத்தைப் பக்கத் தகட்டில் நகர்த்திக்கொண்டே போங்கள்; ஒட்டாத இடத்தில் பள்ளம் நிரப்பும் பசையான பட்டியைக் கனமாகப் போட்டு மறைத்திருக்கிறார்கள்.

அடுத்து எஞ்சின். விற்பவரிடம் முன்கூட்டியே "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப்புகை என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. கனமான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் கிடைத்தால் நான்கு சிலிண்டரிலும் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 பிஎஸ்ஐ-க்குள் இருந்தால் திருப்தி. ஆயில் பிரஷர் மீட்டர் வேலை செய்தால், எஞ்சின் சூடான பிறகு ஓட்டத்தில் 30 பிஎஸ்ஐ-க்கு மேல் நிற்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் ஒரு இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விடுங்கள். கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். முதல் கியர் போடும்போது வரும் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம். இந்த மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். நான்கு சக்கர இழுவை லீவரையும் போட்டுப் பாருங்கள், ஆனால் மண்தரையில் மட்டும். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு வளைத்தால் ஆக்ஸிலும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

விலையை நான் இங்கே சொல்லப்போவதில்லை, ஊருக்கு ஊர் அது மாறும். ஒன்று மட்டும் சொல்லலாம்: வண்டிக்குக் கொடுக்கும் தொகை அளவுக்கு இன்னொரு தொகை கையில் தனியாக இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் மோசமான ஜீப்பை விட, கொஞ்சம் விலை கூடிய முழுமையான ஜீப் கடைசியில் மலிவாக முடியும். காணாமல் போன சின்னச்சின்ன ஒரிஜினல் பாகங்களைத் தேடி அலைவதில்தான் பணமும் ஆசையும் கரைகின்றன.

வீட்டுக்கு வந்தபின்

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஒரு பகுதியைக் கழற்றி, சரிசெய்து, திரும்ப மாட்டி, வண்டி நகர்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

பல வருடம் நின்ற வண்டி என்றால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றி வளையாமல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறிந்துவிடும். பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.

பிரேக்கும் ஸ்டீரிங்கும்

சக்கரத்தைக் கழற்றும்போதே ஒரு பாடம் காத்திருக்கிறது. பழைய வில்லிஸ் வழி வண்டிகளில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. சாதாரணமாகக் கழற்றும் திசையில் பைப் போட்டு ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும். ஸ்டட் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பின் பிரேக் டிரம், முனை கூம்பாகச் சரியும் டேப்பர் ஆக்ஸிலில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்தால் ஆக்ஸில் முனையும் பேரிங்கும் கெடும். டிரம்மை இழுத்துக் கழற்றும் கருவியான ஹப் புல்லரை வாடகைக்கு எடுங்கள். நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரை விட்டுவைத்துப் புல்லரை இறுக்குங்கள். இல்லையென்றால் டிரம் விடுபடும் நொடியில் காலில் பாயும்.

பிரேக் ஆயில் பைப், ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பழையது நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் போடுங்கள். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் முழு பிரேக்கும் போய்விடும். மலைப்பாதையில் ஓட்டுபவர் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதை நான் ஆதரிக்கிறேன், ஒரிஜினல் தன்மை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் சேஸிஸில் இருப்பதால் ஆயில் அளவைப் பார்க்க மறந்துபோவது சகஜம். மாதம் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தால் பாக்ஸைக் குறை சொல்லும் முன் கிங்பின் பேரிங், டை ராட் முனைகள், ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள், புஷ் ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்ப, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்துப் பார்த்தால் எது ஆடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததுதான் மொத்தமாகச் சேர்ந்து ஸ்டீரிங்கில் வருகிறது.

எஞ்சின்

இந்த 2.2 லிட்டர் எஞ்சினின் அமைப்பே அலாதி. பெட்ரோல் உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது, புகை வெளியே போகும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கிறது. அதனால் டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.016 அங்குலம். மேலே மட்டும் வைத்துவிட்டு, மேனிஃபோல்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடிக்குள் இருப்பதைத் தொடாமல் விடும் மெக்கானிக்குகள் உண்டு. கூடவே நின்று பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றுகிறீர்களா? வெளியே தெரியும் போல்ட்டுகளையெல்லாம் எடுத்த பிறகும் ஹெட் அசையாது. ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், பெட்ரோல் போகும் வழிக்குள் ஒளிந்திருக்கிறது. அது தெரியாமல் நெம்பியதால் உடைந்த ஹெட்டுகள் எத்தனையோ. கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தால் தெரியும். திரும்ப மாட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 60 முதல் 70 அடி-பவுண்டு வரை, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர், கிராங்க் தேய்ந்திருந்தால் அரைத்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங். இதற்கு நல்ல லேத் பட்டறை வேண்டும். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொடுத்த பிறகே போர் போடச் சொல்லுங்கள், அளவுக்குப் பிஸ்டன் தேடுவது பின்னால் தலைவலி.

இக்னிஷன் எளிது. சிலிண்டர்கள் பற்றும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2. பிளக் இடைவெளி 0.030 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம். ஸ்டார்ட் ஆகாத பழைய ஜீப்புகளில் பாதி, பாயிண்டையும் கண்டன்சரையும் மாற்றினால் ஸ்டார்ட் ஆகிவிடும்.

பெட்ரோல் வழியில் இப்போது கூடுதல் கவனம் தேவை. பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் கலந்திருக்கும் 20 சதவீத எத்தனால், பழைய ரப்பரை இளக்கி உரித்துவிடும். ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் கிட் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும். டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அங்கே ஒரு துளி கசிவு கூட ஏற்க முடியாதது. டேங்கை வெல்டிங் வைக்க நேர்ந்தால், தண்ணீர் விட்டுக் கழுவி ஆவியை முழுதாக வெளியேற்றத் தெரிந்த ரேடியேட்டர் கடைக்காரரிடமே கொடுங்கள். வீட்டில் முயலவே கூடாது.

கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை 90 ஆயில் போடுங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஜிஎல்-5இன் கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும்.

ஒயரிங்

பழைய ஒயரை ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. முழு ஒயரிங் கிட் புதிதாகப் போடுங்கள், ஃபியூஸ் பாக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு பல்ப் வாங்குங்கள்.

பாடியும் பெயின்டும்

ஓடி, நின்று, திரும்பும் வண்டி கையில் இருக்கும்போதுதான் பாடியில் கை வைக்க வேண்டும். சேஸிஸை மணல் பிளாஸ்டிங் செய்யலாம். பாடித் தகட்டை அதே வேகத்தில் அடித்தால் நெளிந்துவிடும். தகட்டுக்குப் பெயின்ட் ரிமூவரும் கம்பி பிரஷ்ஷும் போதும்.

அரித்த தரையின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவதற்கு டிங்கர்கள் பலர் ஆசைப்படுவார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்பதால். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் நின்று இரண்டு மழைக்காலத்தில் மறுபடி ஓட்டை விழும். துரு முழுவதையும் வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரை போய், 18 கேஜ் தகட்டை விளிம்போடு விளிம்பாக வைத்து மிக் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். நீளமாக ஒரே இழுப்பில் வேண்டாம். அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

பாடி முழுக்கப் போயிருந்தால் புதுப் பாடியே வாங்கலாம். ஹரியானாவின் மண்டி டப்வாலி ஜீப் கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து நாடு முழுக்கப் போகிறது. நான் என்றால் பழைய பாடியில் பாதியாவது மிஞ்சினால் அதைத்தான் காப்பாற்றுவேன். எஸ்டேட்டில் அடிபட்டு நிமிர்த்திய தடம் கூட அந்த வண்டியின் வரலாறுதான். சின்னப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம், பழைய பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிடக் காட்டிக் கேட்டால் சரியானது வரும்.

வெறும் இரும்புக்கு முதலில் எபாக்சி பிரைமர், பிறகு மெல்லிய பட்டி, தேய்த்து மறுபடி பிரைமர், அப்புறம் பெயின்ட். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் பி.யு. பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் வேலை இல்லை அது. காற்று வெளியிலிருந்து வரும் முகமூடி உள்ள பூத்தில் கொடுங்கள். நிறத்தில் ஒரு எச்சரிக்கை: தனியார் வண்டிக்கு ராணுவப் பச்சை அடிக்க ஆசை வரும், ஆனால் அந்த நிறம் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடித்தால் எந்தக் கேள்வியும் வராது.

ஓட்டத் தொடங்கிய பிறகு

ரீபோர் செய்த எஞ்சினை முதல் 500 கிலோமீட்டர் இழுத்து ஓட்டாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500ஐத் தொட்டதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி டார்க் பார்த்து, டாப்பெட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்பிரிங் யூ-போல்ட்டுகளும் இந்தத் தூரத்தில் கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். கிரீஸ் நிப்பிள்கள் அத்தனைக்கும் கன் வைத்து, ஈரமான பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை அடியுங்கள். ஓடைத் தண்ணீரில் இறக்கிய நாளென்றால் அன்று மாலையே செய்யுங்கள். மழைக்காலத்தில் வண்டி நிற்கப் போகிறது என்றால் தரைத்தகட்டில் உள்ள வடிகால் அடைப்பான்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், உள்ளே விழும் தண்ணீர் தானாக இறங்கிவிடும்.